செயற்கை இடுப்பு மூட்டு: ஒரு டேப்பர் போதுமா, இரண்டு வேண்டுமா?

என் வலது இடுப்பு மூட்டை மாற்றி மூன்று வருஷம் முடிந்துவிட்டது. ரத்த ஓட்டம் நின்றுபோய்த் தொடை எலும்பின் தலை செத்துவிட்டது. அப்போது எனக்கு வயது 47. ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டர் மேஜைமேல் மாதிரிகளை வரிசையாக வைத்து, எதில் என்ன சாதகம் என்று பொறுமையாகச் சொன்னார். கோவையில் லேத் பட்டறை வைத்திருப்பவன் நான். அவற்றைக் கையில் எடுத்துப் பார்த்ததுமே பாதி விஷயம் பிடிபட்டது. இதே தேர்வின் முன்னால் நிற்பவர்களுக்கு உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் ஒரே உருப்படியாக வரும் வகை. எலும்புத் தலைக்குப் பதிலான பந்தும், தொடை எலும்புக்குள் இறங்கும் தண்டும் சேர்ந்தே இருக்கும். 1962-இல் இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி நவீன இடுப்பு மாற்றுச் சிகிச்சையை நிலைநிறுத்தியபோது போட்டது இதைத்தான். அந்தப் பந்தின் விட்டம் 22.225 மி.மீ., அதாவது சரியாக 7/8 இஞ்ச். இணைப்பே இல்லை, அதனால் இணைப்பில் கோளாறும் இல்லை. இடுப்பு முறிந்த வயதானவர்களுக்குப் போடும் ஆஸ்டின் மூர் வகையும் ஒரே உருப்படிதான், ஆனால் அதில் பந்து உட்கார இடுப்பெலும்பில் பொருத்தும் கிண்ணம் கிடையாது. என் வயதுக்கு இவை பொருந்தாது என்பதால் மேலே போகிறேன்.

இரண்டாவது, இன்று பெரும்பாலோருக்குப் போடுவது. நான்கு பாகம்: இடுப்பெலும்பில் அறையும் டைட்டானியம் கிண்ணம், அதற்குள் உள்ளுறையாக உட்காரும் லைனர், பந்து, தொடை எலும்புக்குள் இறங்கும் தண்டு. பந்து தண்டின் கழுத்தில் டேப்பராக, அதாவது நுனி நோக்கிச் சிறுத்துப்போகும் கூம்பு இணைப்பாக, ஏறி இறுகும். மூன்றாவது வகையில் அந்தக் கழுத்தும் தனிப் பாகம். மேலே பந்தோடு ஒரு டேப்பர், கீழே தண்டோடு இன்னொரு டேப்பர்.

நான் எடுத்தது இரண்டாவது. காரணம் ஒன்றுதான்: பின்னால் வரக்கூடிய மறு ஆபரேஷன். 47 வயதில் போடுகிற மூட்டு என் ஆயுள் முழுக்க வரும் என்று யாரும் உறுதி சொல்லவில்லை. அப்படியானால் திரும்பத் திறக்கும்போது எது கழற்ற வரும், எது வராது என்பதுதான் கேள்வி. சிமென்ட் இல்லாத தண்டில் எலும்பு வளர்ந்து பிடித்துக்கொள்ளும். பிடித்த தண்டை எடுக்க வேண்டுமென்றால் பல சமயம் தொடை எலும்பையே நீளவாக்கில் பிளந்து திறந்து, பிறகு கம்பி கட்டி மூட வேண்டியிருக்கும். அதனால் தேய்கிற பாகம் கழற்ற வருவதாகவும், எலும்போடு ஒட்டிய பாகம் தொடத் தேவையில்லாததாகவும் இருக்க வேண்டும். மோட்டாரில் புஷ் தேய்ந்தால் புஷ்ஷை மட்டும்தானே மாற்றுகிறோம்? நான்கு பாக மூட்டில் தேய்வது லைனர். பந்தைத் தட்டிக் கழற்றி, லைனரை நெம்பி எடுத்து, இரண்டையும் புதிதாகப் போடலாம். இதுவும் பெரிய ஆபரேஷன்தான். தசையைத் திரும்பத் திறப்பதால், லைனர் மட்டும் மாற்றியவர்களுக்கு மூட்டு நழுவும் அபாயம் கொஞ்சம் கூடுதல். ஆனால் எலும்பு தப்பிக்கிறது.

கழற்ற முடிவது இவ்வளவு நல்லதென்றால், கழுத்தும் கழன்றால் இன்னும் நல்லதுதானே? எனக்கும் அப்படித்தான் தோன்றியது. தண்டை இறக்கிய பிறகும் கழுத்தின் கோணத்தையும் நீளத்தையும் தேர்ந்தெடுக்கலாம், கால் நீளத்தைச் சரிபார்க்கலாம். கேட்கவே ஆசையாக இருந்தது. ஆனால் லேத்தில் டெயில்ஸ்டாக் டேப்பரில் ட்ரில் சக் மாட்டும் எவருக்கும் ஒன்று தெரியும். துடைக்காமல் ஏற்றினாலோ, பக்கவாட்டில் சுமை விழுந்தாலோ டேப்பர் கண்ணுக்குத் தெரியாமல் அசையும். கழற்றிப் பார்த்தால் காவி நிறத்தில் பொடி இருக்கும். அதையே உடம்புக்குள் யோசித்துப் பாருங்கள். நடக்கும்போது இடுப்பு மூட்டில் உடல் எடையைப் போல இரண்டரை, மூன்று மடங்கு சுமை ஏறி இறங்குகிறது. வருஷத்துக்கு ஏறக்குறைய பத்து லட்சம் முறை. சுற்றிலும் உப்புத் திரவம். கழுத்தின் கீழ் டேப்பரில் வளைக்கும் விசை மேல் டேப்பரைவிட அதிகம், ஏனென்றால் பந்திலிருந்து அது தள்ளி இருக்கிறது.

நடந்ததும் அதுதான். ஸ்ட்ரைக்கர் நிறுவனம் ரெஜுவனேட், ஏபிஜி 2 என்ற கழுத்து கழலும் தண்டுகளை 2012 ஜூலையில் திரும்பப் பெற்றது. கோபால்ட் குரோம் கழுத்து டைட்டானியத் தண்டில் உரசி அரித்து, உலோகத் துகள் சுற்றுத் தசையைக் கெடுத்தது. வேறொரு நிறுவனத்தின் புரோஃபீமர் வகையில் டைட்டானியம் கழுத்துகள் முறிந்த சம்பவங்களும் உண்டு. என் மனதை மாற்றியது இதற்கு அடுத்த விஷயம். கீழ் டேப்பர் கெட்டால், கழுத்து உட்காரும் பள்ளம் தண்டுக்குள்தான் இருக்கிறது, ஆகவே எலும்பு நன்றாகப் பிடித்த தண்டையே பிடுங்க வேண்டிவந்தது. எதைக் காப்பாற்றத்தான் கழற்றும் வசதியை வைத்தார்களோ, அதுவே போயிற்று.

மேல் டேப்பரும் முற்றிலும் பாதுகாப்பானது என்று சொல்லமாட்டேன். பெரிய கோபால்ட் குரோம் பந்து போட்டவர்களுக்கு அங்கேயும் அரிப்பு வந்திருக்கிறது. செராமிக் பந்தில் அது குறைவு. அதனால் 32 மி.மீ. செராமிக் பந்து கேட்டேன். 36 போட்டால் நழுவுவது குறையும், ஆனால் என் கிண்ண அளவுக்கு லைனர் மெலிந்துவிடும் என்றார் டாக்டர்.

எதோடு எது உரச வேண்டும் என்பதில் உலோகத்தோடு உலோகம் பேச்சுக்கே இடமில்லை. டெப்யூ நிறுவனத்தின் ஏஎஸ்ஆர் என்ற அந்த வகை மூட்டு 2010-இல் திரும்பப் பெறப்பட்ட கதையில் நம் நாட்டு நோயாளிகளும் இருந்தார்கள். செராமிக்கோடு செராமிக் தேய்மானத்தில் எல்லாவற்றையும்விடக் குறைவு. ஆனால் சிலருக்குக் கீச்சென்று சத்தம் வருகிறது. அபூர்வமாக உடைந்தால் சில்லுகளை முழுசாகத் துடைத்தெடுக்க முடியாது, அதன்பின் உலோகப் பந்து போடவே கூடாது. இருபதுகளில் இருப்பவர்களுக்கு அது பொருத்தமாக இருக்கலாம். எனக்கு அதில் அனுபவம் இல்லை, அது போட்ட யாரிடமும் பேசியதும் இல்லை. நான் எடுத்தது கதிர்வீச்சால் இறுக்கிய பாலிஎத்திலீன் (ஒருவகை பிளாஸ்டிக்) லைனர். இந்த வகை 1990-களின் கடைசியிலிருந்து புழக்கத்தில் இருக்கிறது, பழைய பாலிஎத்திலீனைவிடத் தேய்மானம் மிகக் குறைவு. பந்தும் அதைச் சுற்றிய லைனரும் இரண்டுமே அசையும் இரட்டை அசைவுக் கிண்ணத்தைப் பற்றியும் சொன்னார்கள். நழுவும் அபாயம் அதிகமுள்ளவர்களுக்கு நல்லது என்பதற்கு மேல் என்னால் சொல்ல முடியாது.

இன்னொன்றை எல்லோரும் கேட்டுவைத்துக்கொள்ள வேண்டும். லைனர் கிண்ணத்தில் பூட்டிக்கொள்ளும் விதம் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு, ஒருவருடையது இன்னொருவர் கிண்ணத்தில் உட்காராது. டேப்பரிலும் அப்படியே. 12/14 என்று டேப்பர் அளவுக்கு எல்லோரும் ஒரே பெயர் சொன்னாலும் கோணமும் நீளமும் மேற்பரப்பும் கொஞ்சம் கொஞ்சம் மாறும். பதினைந்து வருஷம் கழித்து என் கிண்ணத்துக்கான லைனர் கிடைக்காவிட்டால், வேறொரு லைனரைச் சிமென்ட் வைத்து ஒட்டலாம், இல்லாவிட்டால் கிண்ணத்தையே எடுக்க வேண்டும். ஆகவே மலிவு பார்த்துப் புதுப் பெயரை எடுக்காமல், பல வருஷமாக ஒரே வரிசையை விற்றுவரும் நிறுவனத்தைப் பார்த்தேன். வித்தியாசம் சின்னத் தொகை இல்லை, கொஞ்சம் கடன் வாங்கித்தான் கட்டினேன்.

ஒவ்வொரு பாகத்தின் பெட்டியிலும் அளவும் லாட் எண்ணும் அச்சிட்ட ஸ்டிக்கர்கள் இருக்கும். டிஸ்சார்ஜ் சம்மரியில் "இடுப்பு மூட்டு மாற்றப்பட்டது" என்று மட்டும்தான் எழுதியிருந்தது. ஸ்டிக்கர் கேட்டு வாங்க மூன்று முறை போக வேண்டியிருந்தது. கிண்ணம், லைனர், பந்து, தண்டு, இரண்டு ஸ்க்ரூ, மொத்தம் ஆறு. லேமினேட் செய்து வீட்டுப் பத்திரத்தோடு வைத்திருக்கிறேன். எந்தப் பீரோ, எந்தத் தட்டு என்று மகளுக்குக் காட்டியும் விட்டேன்.