எளிய இயந்திரங்கள்: பல ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

கடப்பாரை, ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி, கயிறும் கப்பியும், சாய்வுப் பலகை, திருகு ஜாக்கி ஆகியவற்றைப் பல ஆண்டுகளாக வீட்டு வேலைகளுக்கும் தோட்ட வேலைகளுக்கும் பயன்படுத்தி வருகிறேன். மின்சாரமோ எரிபொருளோ கேட்காத இக்கருவிகளைப் பற்றிப் பாடநூல்கள் முதலில் பேசுவது, எத்தனை மடங்கு விசை மிச்சமாகிறது என்பதைத்தான். தொடர்ந்து பயன்படுத்துபவருக்கோ இன்னொரு கேள்வி அதைவிட முக்கியமாகிவிடுகிறது: பளு பாதி வழியில் இருக்கும்போது கையை எடுத்தால் என்ன ஆகும்?

கடப்பாரையின் கணக்கு எளிது. 150 செ.மீ. நீளமுள்ள கடப்பாரையின் நுனியிலிருந்து 15 செ.மீ. தள்ளி ஒரு கட்டையை ஆதாரமாக வைத்தால், கைப்பக்கம் 135 செ.மீ. எஞ்சுகிறது, ஆகவே 20 கிலோ அளவுக்கு அழுத்தினால் 180 கிலோ பளுவை நெம்பிவிடலாம். ஆனால் கல் 5 செ.மீ. எழும்ப, கை 45 செ.மீ. கீழே இறங்க வேண்டும். விசையில் மிச்சம் பிடிப்பதைத் தூரத்தில் செலுத்தியே ஆக வேண்டும் என்பதை 1600ஆம் ஆண்டையொட்டி கலிலியோ தெளிவாக விளக்கினார்; எந்த எளிய இயந்திரமும் ஆற்றலைப் புதிதாக உண்டாக்குவதில்லை. கடப்பாரையை விட்டால் கல் உடனே இறங்கிவிடும். ஆகவே நெம்புபவர் ஒருவரும், எழும்பிய இடைவெளியில் கட்டையைச் செருகுபவர் ஒருவருமாக இருவர் சேர்ந்தால்தான் இது முழுப் பயன் தருகிறது. கையை ஒருபோதும் இடைவெளிக்குள் விடாமல், கட்டையை நீளமான குச்சியால் தள்ளிச் செருகுவதே சரி.

தள்ளுவண்டியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பளுவின் மையம் சக்கர அச்சிலிருந்து 40 செ.மீ., கைப்பிடி 120 செ.மீ. எனில், 60 கிலோ மண்ணுக்குக் கை தாங்குவது 20 கிலோதான். அதே மண்ணை முன்பக்கமாகக் குவித்து மையத்தை 30 செ.மீ. ஆக்கினால் அது 15 கிலோவாகக் குறைகிறது. கையை எடுத்தால் இரண்டு கால்களில் அமைதியாக நின்றுகொள்ளும் இந்த வண்டிதான் என் மதிப்பீட்டில் வீட்டுக்கு முதலில் வாங்க வேண்டியது.

கப்பியிடம் என் எதிர்பார்ப்பு காலப்போக்கில் மாறியது. மேலே பொருத்திய ஒற்றைக் கப்பி விசையைச் சிறிதும் குறைப்பதில்லை; உராய்வால் சற்றுக் கூடுதலாகவே கேட்கிறது. ஆனாலும் இழுக்கும் திசையைக் கீழ்நோக்கித் திருப்பிவிடுவதால் நம் உடல் எடையே வேலை செய்கிறது, முதுகு தப்பிக்கிறது. பளுவோடு சேர்ந்து நகரும் கப்பி ஒன்றைச் சேர்த்தால் தேவைப்படும் விசை ஏறத்தாழ பாதியாகும், 3 மீட்டர் உயர்த்த 6 மீட்டர் கயிறு இழுக்க வேண்டியிருக்கும். இப்படியே கப்பிகளைக் கூட்டிக்கொண்டே போகலாம் என்று தோன்றும். ஒவ்வொரு கப்பியும் தன் பங்குக்கு உராய்வாக விசையை விழுங்குவதால், நான்குக்கு மேல் போவதில் வீட்டு வேலைக்கு லாபமில்லை. பால் பேரிங் வைத்த கப்பிக்கும் வெறும் ஆணியில் சுழலும் கப்பிக்கும் உள்ள வேறுபாடு முதல் நாளில் பெரிதாகத் தெரியாது. துரு ஏறிய பிறகு நன்றாகத் தெரியும்.

கயிறு நழுவினால் பளு விழும் என்பதே கப்பியின் பெருங்குறை. இதற்கு நான் கடைப்பிடிக்கும் வழி, இழுத்த கயிற்றை உறுதியான தூண் ஒன்றில் சுற்றிப் பிடிப்பது. கயிறு வழவழப்பான தூணைச் சுற்றும்போது பிடிப்பு எவ்வளவு பெருகும் என்பதை 18ஆம் நூற்றாண்டில் கணிதவியலாளர் ஆய்லர் கணக்கிட்டார். உராய்வுக் கெழு (இரு பரப்புகளுக்கு இடையிலான உராய்வின் அளவைக் காட்டும் எண்) 0.3 எனில், ஒரு முழுச் சுற்றுக்கு ஏறத்தாழ 6.5 மடங்கு, இரண்டு சுற்றுகளுக்கு 40 மடங்குக்கு மேல். அதாவது 40 கிலோ பளுவை ஒரு கிலோவுக்கும் குறைவான இழுப்பு நிறுத்திவைக்கிறது. கப்பியில் நம்மிடமிருந்து திருடிய அதே உராய்வு, தூணில் நமக்குக் காவல் நிற்கிறது.

கையை விட்டால் பளு நழுவும் என்பதில் சாய்வுப் பலகையும் கப்பியைப் போன்றதுதான். அரை மீட்டர் உயரத்துக்கு 3 மீட்டர் பலகை போட்டால், சக்கரம் வைத்த பளுவுக்கு ஆறில் ஒரு பங்கு விசை போதும். சக்கர நாற்காலிக்கு இது மிகச் செங்குத்தானது. பரவலாக ஏற்கப்பட்ட 1:12 சரிவுப்படி அதே உயரத்துக்கு 6 மீட்டர் வேண்டும். நடுவில் நிற்க நேர்ந்தால் சக்கரத்துக்குப் பின்னால் ஓர் ஆப்பு வைத்தாக வேண்டும். அந்த ஆப்பும் ஒரு சிறிய சாய்தளம்தான் என்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தருகிறது.

இவை அனைத்திலும் நான் மிகவும் நம்புவது திருகு ஜாக்கியை. மரையின், அதாவது திருகைச் சுற்றி ஓடும் புரியின், இடைவெளி 5 மி.மீ., கைப்பிடியின் நீளம் 20 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், கை ஒரு சுற்றில் ஏறத்தாழ 1,256 மி.மீ. பயணிக்கும்போது பளு 5 மி.மீ. மட்டுமே உயர்கிறது, ஏட்டுக் கணக்கில் இது 250 மடங்கு லாபம். நடைமுறையில் அதில் பாதிகூடக் கிடைப்பதில்லை, ஏனெனில் மரையில் உராய்வு மிக அதிகம். ஆனால் கையை எடுத்தாலும் தானாகக் கீழே சுழலாத திருகின் பயனுறுதிறன் (நாம் செய்யும் வேலையில் பளுவை உயர்த்தப் பயன்படும் பங்கு) 50 விழுக்காட்டைத் தாண்ட முடியாது என்பது இயந்திரவியலின் உறுதியான முடிவு. நாம் இழப்பதாக எண்ணும் அந்தப் பாதிதான் பளுவை நிறுத்திப் பிடித்திருக்கிறது. உராய்வு வேண்டும் என்பதற்காக மரையை உலர விட்டுவிடக் கூடாது. கிரீஸ் பூசினாலும் மரையின் சரிவு மிகக் குறைவாக இருப்பதால் பிடிப்பு போவதில்லை, தேய்மானம் மட்டும் குறைகிறது.

பயன்படுத்தியதும் மரையில் ஒட்டிய மணலைத் துடைத்துவிட வேண்டும், கிரீஸோடு கலந்த மணல் இரும்பை அரம்போல் அராவிவிடும். மரை முனைகள் கூர்மையாக மெலிந்திருந்தாலோ, பளு இல்லாதபோது நட் மேலும் கீழுமாக ஆடினாலோ அந்த ஜாக்கியை ஒதுக்கிவிட வேண்டும். எவ்வளவு நல்ல ஜாக்கியாக இருந்தாலும், தாங்குகால்கள் வைக்காமல் வண்டிக்கு அடியில் யாரும் நுழையக் கூடாது. மரை பிடித்திருந்தாலும், ஜாக்கியின் அடித்தளம் சரியலாம்.