ஆய்வேடு திருத்தணுமா, சாயங்காலமாகப் போங்க

ராமநாதபுரம் அரண்மனைப் பக்கம், மாடியில் இருக்கும் டிடிபி கடை. திட்டும் பாராட்டும் சேர்ந்தே வருவதால் பெயர் போடவில்லை.

என் ஆய்வேடு பாக் விரிகுடாவின் கடல்பசு பற்றியது. எங்கள் மண்டபத்துக்காரர்கள் ஆவுளியா என்பார்கள். 2022இல் அறிவித்த 448 சதுர கிலோமீட்டர் காப்பகம், வலையில் மாட்டிச் சாவது, எல்லாம் சேர்த்து 160 பக்கம். கைடு பிரிட்டிஷ் ஸ்பெல்லிங் கேட்டார். கவுன்டரில் இருந்த பையன், "ஒரே அமுக்குண்ணே" என்று 'ஐ-இசட்-இ' வந்த இடத்தில் எல்லாம் இசட்டை எஸ்ஸாக்கிவிட்டான். ஆர்கனைஸ் சரியானது. கூடவே, வலைக்கண் அளவு அட்டவணையில் இருந்த 'சைஸ்' அத்தனையும் எஸ் ஆனது! திருத்த வேண்டிய 'அனலைஸ்' மட்டும் அப்படியே நின்றது. அதில் ஐ இல்லை, ஒய். போதாததற்கு 'டுகாங் டுகான்' என்ற அறிவியல் பெயரின் இரண்டாம் பாதிக்கும் கடைசியில் ஒரு ஜி சேர்த்திருந்தான். முதல் சொல்லின் கடைசியில்தான் அது உண்டு. கைடு சிவப்பு மையில் வட்டம் போட்டே பேனாவைத் தீர்த்தார்.

மறுபடி போனது சாயங்காலம். நாலு மணிக்கு மேல் ரிட்டயர்டு இங்கிலீஷ் டீச்சர் ஒருவர் உட்காருகிறார். வரிக்கு வரி ஸ்கேல் வைத்து, பென்சிலால்தான் திருத்துவார். "இது வினைச்சொல்லு தம்பி, அஃபெக்ட், ஏ போடு. எஃபெக்ட் அதோட விளைவு." இசட்டுக்குப் பையனைத் திட்டுவார் என்று பார்த்தால், "ஆக்ஸ்போர்டு அகராதியில இசட்டுதான் முதல்ல இருக்கு. உங்க சார் கேட்டா எஸ் போட்டுக்க. ஆனா ஒரு பக்கம் இது, ஒரு பக்கம் அதுன்னு வேணாம்" என்றார்.

டீச்சரும் ஒரு இடத்தில் சறுக்கினார். 'ஃபிஷஸ்' என்று இருந்ததை எல்லாம் 'ஃபிஷ்' ஆக்கினார். பல இன மீன்களைச் சேர்த்துச் சொல்லும்போது எங்கள் துறையில் ஃபிஷஸ்தான் என்றேன். முறைத்தார். காலண்டர் தாளின் பின்னால் குறித்துக்கொண்டார். மறுநாள் போனால் எல்லாவற்றையும் பழையபடி மாற்றி வைத்திருந்தார்.

பக்கத்துக்குப் பன்னிரண்டு ரூபாய், கொடுக்கலாம். டைப்பிங்கை வீட்டிலேயே முடித்துவிடுங்கள். அட்டையில் தங்க எழுத்து அடிப்பது அதே பையன்தான். டுகான் ஸ்பெல்லிங்கைப் பெரிதாக எழுதிக் கொடுத்துவிட்டு, அடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன்.