சிங்கப்பூர் தேக்கா அச்சகத்தில் நினைவு அட்டை: மும்மொழி வேலை தேறியதா?

ஸ்பானிய மொழி பேசும் பெண்மணி ஒருவரின் நினைவுத் திருப்பலிக்கான மடிப்பு அட்டை. தமிழ், ஆங்கிலம், ஸ்பானியம் மூன்றும் வேண்டும். கடையின் அச்சு நேர்த்தி, எழுத்துக்கோப்புதான் சொதப்பல்.

முதல் ப்ரூஃபில் (அச்சுக்கு முன் சரிபார்க்கத் தரும் படி) ஸ்பானிய ‘அன்யோ’வில், ‘என்’ எழுத்தின் மேல் வரும் சுழி விடுபட்டுவிட்டது. சுழி இருந்தால் ‘ஆண்டு’, இல்லாவிட்டால் ‘ஆசனவாய்’! பழைய தமிழ் எழுத்துருவையே முழு அட்டைக்கும் போட்டதன் வினை. ஸ்பானிய வரிகளுக்குத் தனி யூனிகோட் (பல மொழி எழுத்துகளுக்கான பொதுக் குறியீடு) எழுத்துரு கேளுங்கள்; ப்ரூஃபை மொழி தெரிந்தவரிடம் காட்டாமல் ஒப்புதல் தராதீர்கள்.

படத்தை வாட்ஸ்அப்பில் சும்மா அனுப்பினால் சுருங்கி மங்கும், ‘டாக்குமென்ட்’டாக அனுப்புங்கள். முகப்பு ஏ6 அளவு முழுக்கப் படம் என்றால் 1240 × 1748 பிக்சல் தேவை, சுற்றிலும் வெட்டுக்கு 3 மில்லிமீட்டர் கூடுதல். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) தடித்த தாளில் மடிப்புக் கோட்டை முன்பே அழுத்தாமல் மடித்தால் மடிப்பில் மை வெடிக்கும். இங்கே கேட்காமலேயே அழுத்தித் தந்தார்கள், சபாஷ்.

பின்பக்கம் குவாதலூப்பே அன்னை படம் (மெக்சிகோவில் போற்றப்படும் மரியன்னை; திருவிழா டிசம்பர் 12). அன்னையின் நீலப்பச்சை மேலாடை திரையில் பளிச்சென்றும் தாளில் மந்தமாகவும் வரும். ஒரு மாதிரி அட்டை அச்சடித்துப் பார்ப்பது உத்தமம்.

உள்பக்கத்தில் மறைந்தவரின் பதவிப் பட்டியலை அடுக்க இடமில்லை. குடும்பத்தார் பெயர், ஆலயப் பணி, தொண்டூழியம் பற்றி நான்கு வரி, ஒரு செபம்: அவ்வளவுதான் கொள்ளும். ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம்.