எதிர்த்தரப்பின் லீகல் எய்டை நிறுத்தக் கடிதம் எழுதித் தரும் சேவை: 240 பவுண்ட் கட்டியவனின் விமர்சனம்

முதலில் மதிப்பெண்: ஐந்துக்கு ஒன்று. அந்த ஒன்றும், அவர்கள் எழுதிய கடிதத்தின் பிரதியை எனக்கு ஒழுங்காக அனுப்பி வைத்ததற்கு.

நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. இங்கிலாந்தில் ஃபேமிலி கோர்ட்டில் சொலிசிட்டர் (வக்கீல்) இல்லாமல் நிற்கிறவர்களுக்காக என்று விளம்பரம் செய்திருந்தார்கள். எதிர்த்தரப்புக்கு லீகல் எய்ட், அதாவது அரசாங்கம் தரும் வக்கீல் செலவு, கிடைத்திருந்தால் அதை நிறுத்தச் சொல்லி, அதை வழங்கும் அரசு அமைப்பான லீகல் எய்ட் ஏஜென்சிக்கு நம் சார்பில் எழுதித் தருவார்களாம். நான் போனது கோபத்தில் இல்லை, பயத்தில். மகளைப் பார்ப்பதற்காக சி100 என்ற கோர்ட் மனுவைப் போட்டிருந்தேன், வக்கீல் வைக்க வசதி இல்லை, நானே பேசிக்கொள்ளலாம் என்று இருந்தேன். அப்போதுதான் அவளுடைய அம்மாவின் சொலிசிட்டரிடமிருந்து, அவருக்கு லீகல் எய்ட் சான்றிதழ் வழங்கப்பட்டிருக்கிறது என்ற நோட்டீஸ் தபாலில் வந்தது. அன்று இரவு முழுக்கத் தூங்கவில்லை. அவருக்கு அரசாங்கச் செலவில் வக்கீல் இருக்கிறார், எனக்கு யாருமில்லை, அதைவிட, என்னைப் பற்றி அவர் சொன்னதையெல்லாம் யாரோ ஏற்கெனவே நம்பி முடித்துவிட்டார்கள் என்று எனக்குப் பட்டது, அதுதான் தாங்க முடியவில்லை.

கட்டிய பணத்துக்குக் கிடைத்தது இரண்டு பக்கக் கடிதம். அவர் உறவினரிடம் பணம் வாங்குகிறார், வசதியாக இருக்கிறார் என்று பொதுவாக எழுதியிருந்தார்கள். நான் சொன்னதைத்தான் எழுதினார்கள், ஆனால் அதற்கு என்னிடம் காகிதம் ஏதாவது இருக்கிறதா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

எனக்குச் சொல்லாமல் விட்டவைதான் பெரிய குறை. இப்படி ஆட்சேபம் எழுத யாருடைய உதவியும் தேவையில்லை, நாமே எழுதலாம், கட்டணமும் கிடையாது. எழுதியதைப் பெரும்பாலும் எதிர்த்தரப்புக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள், ஆகவே கோபத்தில் எழுதிய ஒவ்வொரு வரியும் பிள்ளையின் அம்மா கைக்குப் போகும். அப்புறம், லீகல் எய்ட் வாங்குகிறவரின் விவரங்களை வெளியே சொல்ல 2012ஆம் ஆண்டின் லீகல் எய்ட் சட்டமே தடை போடுகிறது, அதனால் அவருடைய வருமானத்தைப் பற்றி என்ன கண்டுபிடித்தார்கள், ஏன் அப்படி முடிவெடுத்தார்கள் என்று நமக்கு விளக்கம் வராது. மூன்று மாதம் நான் தினமும் மின்னஞ்சலைத் திறந்து திறந்து பார்த்தேன். அவருடைய சொலிசிட்டர் வழக்கம்போல வந்துகொண்டுதான் இருந்தார்.

அடுத்த விசாரணைக்கு முன், வேறு ஓரிடத்தில், ஒரு ஃபேமிலி சொலிசிட்டரிடம் ஒரு மணி நேர ஆலோசனைக்கு மட்டும் பணம் கட்டினேன். வழக்கை அவர் எடுத்து நடத்த வேண்டியதில்லை, அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான் கட்டணம். இதற்கு ஐந்துக்கு நாலரை கொடுப்பேன்.

அந்தக் கடிதத்தைப் படித்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை: "இதை ஜட்ஜிடம் காட்டிவிடாதீர்கள்." யாருக்கு லீகல் எய்ட் கொடுப்பது என்பது ஜட்ஜின் வேலையே இல்லை. அடுத்து அவர் சொன்னது எனக்குப் பெரிய நிம்மதி. 2013 ஏப்ரலுக்குப் பிறகு இந்த மாதிரி பிள்ளை வழக்குகளில் லீகல் எய்ட் சாதாரணமாகக் கிடையாது. வீட்டு வன்முறைக்கோ பிள்ளையின் பாதுகாப்புக்கோ குறிப்பிட்ட வகைச் சான்று, உதாரணமாக டாக்டரின் கடிதமோ கோர்ட் தடை உத்தரவோ இருக்க வேண்டும், வருமானமும் சேமிப்பும் வரம்புக்குள் இருக்க வேண்டும். வரி பிடிக்கும் முன் மாத வருமானம் பொதுவாக 2,657 பவுண்டையும் சேமிப்பும் சொத்தும் 8,000 பவுண்டையும் தாண்டக்கூடாது. இந்தச் சான்று அவரை உள்ளே விடும் வாசல்தான், என்ன நடந்தது என்பதைப் பற்றிய தீர்ப்பு இல்லை. அவர் சொல்வதைக் கோர்ட் இனிமேல்தான் விசாரிக்கும், நான் சொல்வதையும் விசாரிக்கும். இதை யாராவது முதல் நாளே சொல்லியிருந்தால் அந்த 240 பவுண்ட் என்னிடமே இருந்திருக்கும்.

எதிர்த்தரப்புக்கு வக்கீல் இருப்பதால் எனக்கும் நன்மை இருக்கிறது என்று அவர் சொன்னபோது நம்பவே இல்லை. மனுப்போட்டது நான் என்பதால் ஆவணக் கட்டை, அதாவது பண்டிலை, நான்தான் தயாரிக்க வேண்டும் என்று நினைத்து, பிரதி எடுக்கும் செலவைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். மனுதாரருக்கு வக்கீல் இல்லை, எதிர்த்தரப்புக்கு இருக்கிறது என்றால் அந்த வேலை அவர்களுடையது. மகளின் பள்ளிக் கடிதத்தைச் சேர்க்கச் சொல்லி மரியாதையாக ஒரு மின்னஞ்சல் போட்டேன், சேர்த்துவிட்டார்கள். என் நிலைப்பாட்டு அறிக்கை பன்னிரண்டு பக்கம் இருந்தது, அதை மூன்று பக்கமாக வெட்டித் தந்தார். வெட்டியதில் முக்கால்வாசி பிள்ளையின் அம்மாவைப் பற்றி. மிஞ்சியது மகளின் வாரநாள், பள்ளி, என் வேலை நேரம், எங்கே எப்படிச் சந்திக்கலாம் என்பது.

குறுக்கு விசாரணை பற்றியும் விளக்கினார். 2022 ஜூலை 21 அன்றோ அதற்குப் பிறகோ தொடங்கிய வழக்குகளில், வீட்டு வன்முறை பற்றிய குறிப்பிட்ட வகைச் சான்று இருந்தால் ஒருவரை ஒருவர் நேரடியாகக் கேள்வி கேட்க முடியாது. வேறு வழியில்லை என்றால் கோர்ட்டே ஒரு வக்கீலை நியமிக்கலாம், ஆனால் அவர் கேள்வி கேட்க மட்டும்தான் வருவார், நம் வக்கீலாக நடக்க மாட்டார். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் முன்கூட்டியே கோர்ட்டிடம் கேட்கச் சொன்னார், பிள்ளை வழக்கில் அதற்கு நாம் பணம் கட்ட வேண்டாம்.

சரி, ஆட்சேபமே எழுதக்கூடாதா? எழுதலாம். மறைத்த வருமானத்துக்கோ வீட்டுக்கோ உங்களிடம் தேதியோடு காகிதம் இருந்தால் நீங்களே ஒரு பக்கத்தில் எழுதுங்கள், அவரைப் பற்றி ஒரு அடைமொழிகூட இல்லாமல். வீடு, பணம் பற்றிய வழக்கு என்றால் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும்: லீகல் எய்ட் வாங்குகிறவருக்கு அந்த வழக்கில் சொத்து கிடைத்தால், அவருக்காகச் செலவான தொகையைப் பெரும்பாலும் அதிலிருந்து பிடித்துக்கொள்வார்கள். வழக்கை இழுத்தால் அவருக்கும் நட்டம்தான்.

அரை மதிப்பெண் குறைத்தது நேரத்துக்காக. என் காகிதங்களை அங்கேயே உட்கார்ந்து படித்ததில் அந்த ஒரு மணியில் இருபது நிமிடம் போய்விட்டது. நீங்கள் இப்படிப் பதிவு செய்தால் சி100, எதிர்த்தரப்பின் பதில், கடைசி உத்தரவு, காஃப்காஸ் (பிள்ளையின் நலன் பற்றிக் கோர்ட்டுக்கு ஆலோசனை சொல்லும் அமைப்பு) கடிதம் எல்லாவற்றையும் இரண்டு நாள் முன்பே அனுப்பி, படித்துவிட்டு உட்காருவாரா, அந்த நேரத்துக்குத் தனியாகப் பணம் கேட்பார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.