யாழ்ப்பாணக் கலியாணத்துக்கு வான் பிடித்து 28,000 ரூபா போய்விட்டது, கவனம்

கொழும்பிலிருந்து ஊருக்குக் கலியாணம், செத்தவீடு என்று வாகனம் பிடிக்கிறவர்கள் தயவுசெய்து இதை வாசியுங்கள். நடந்து ஐந்து நாள்தான் ஆகிறது. எனக்கு இன்னும் ஒழுங்காக நித்திரை இல்லை.

அம்மாவின் தம்பி மகளுக்கு நல்லூரில் கலியாணம். அம்மாவுக்கு 74 வயது, முழங்கால் மடங்காது. கிட்டத்தட்ட 400 கிலோமீட்டர் இரவு பஸ்ஸில் இருக்க அவரால் ஏலாது. ரயில் இருக்கைகளை 30 நாளுக்கு முன்பே பதியலாம்; நான் பார்த்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. அதனால் வாகன விளம்பரம் போடும் ஓர் இணையத்தளத்தில் தேடி ஒரு வானைப் பேசினேன்.

நான் வாடகை கேட்க முதலே அந்த ஆள், "வயசான ஆக்கள் வருகினமோ?" என்று கேட்டார். அம்மாவின் காலைப் பற்றிச் சொன்னேன். "அப்ப நடுச் சீட் ஒண்டைக் கழட்டி விடுறன், அம்மா காலை நீட்டி இருக்கட்டும். புத்தளத்திலயும் வவுனியாவிலயும் நிப்பாட்டுவம், துப்புரவான டொய்லெட் எங்க இருக்கெண்டு எனக்குத் தெரியும்" என்றார். அந்த இடத்தில்தான் நம்பினேன். அம்மாவிடம் போனைக் கொடுக்கச் சொல்லி, "பயப்பிடாதேங்கோ அம்மா, உங்கட மகன் மாதிரி நான்" என்றும் சொன்னார். வானின் படமும் அடையாள அட்டைப் படமும் வாட்சப்பில் வந்தன. அன்றிரவே 28,000 ரூபா முற்பணம் அனுப்பினேன்.

புறப்படும் நாள் இரவு எட்டரைக்கு வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டின் கீழே பைகளோடு நின்றோம். அம்மா காவலாளியின் கதிரையில் இருந்தார். மடியில் புட்டுப் பார்சல். "ஓடிக்கொண்டு வாற பிள்ளைக்கும் பசிக்கும்" என்று அவருக்கும் ஒன்று கட்டியிருந்தார். ஒன்பது மணிக்கு, "தெமட்டகொடையில் ட்ராஃபிக்". பத்துக்கு, "பம்பலப்பிட்டிக்கு வந்திட்டன், அஞ்சு நிமிசம்". பத்தரைக்குப் போன் நிறுத்தப்பட்டிருந்தது. அதற்குள் காலி வீதியில் பஸ்களும் போய்விட்டன.

தெரிந்த ஓட்டோக்காரத் தம்பி ஒருவர் அலைந்து திரிந்து, இரவு இரண்டு மணிக்கு ஒரு கார் பிடித்துத் தந்தார். அவருக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. ஒன்பதே காலுக்கு முகூர்த்தம். நாங்கள் மண்டபத்துக்குள் நுழைந்தது பதினொரு மணிக்கு. தாலி கட்டி, அறுகரிசி போட்டு எல்லாம் முடிந்திருந்தது. அம்மா ஒன்றும் பேசவில்லை. மாமாதான் அழுதார். அவருக்கு இருக்கும் ஒரே அக்கா.

இரண்டு நாள் கழித்து அந்த ஆள் போனை எடுத்தார். வான் பழுதாம், திங்கட்கிழமை காசு போடுவாராம். திங்கள் வந்தது, "பாங்க் கார்ட்டில பிரச்சினை" என்றார். அப்புறம் என் நம்பரைத் தடுத்துவிட்டார். இணையத்தளத்துக்கு எழுதினால், விளம்பரத்தை வெளியிடுவது மட்டும்தான் தங்கள் வேலை என்று இரண்டு வரிப் பதில். வங்கியிலோ, நீங்களே அனுப்பிய பணம், எடுத்தவர் சம்மதிக்காமல் திருப்ப முடியாது என்றார்கள். பொலிஸில் முறைப்பாட்டை எழுதிக்கொண்டு, 28,000 ரூபாதானே என்றார் ஒருவர். எனக்கு அது 28,000 ரூபா மட்டுமில்லை.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன், இப்போது முடியவில்லை. வானை நேரில் பார்க்காமல் முற்பணம் கொடுக்காதீர்கள். நம்பர் தட்டையும் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் வருமான அனுமதிப்பத்திரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அடையாள அட்டைப் படத்தை நம்பவே வேண்டாம், அது யாருடையதாகவும் இருக்கலாம். ஏமாந்திருந்தால் நுகர்வோர் அதிகாரசபையின் 1977க்கு அழைத்துச் சொல்லுங்கள், நானும் சொல்லியிருக்கிறேன்.

இன்று காலையிலும் அந்த இணையத்தளத்தில் விளம்பரத்தைப் பார்த்தேன். போன் நம்பர் மட்டும் வேறு. அதே வெள்ளை வான், முன் கண்ணாடியில் அதே மஞ்சள் பூமாலை.