சீட்டு வரிசையும் மஞ்சள் தொட்டியும்: ஓர் அரசு மருத்துவமனையில் மூன்று வாரம்

என் அப்பத்தாவுக்குச் சர்க்கரை நோயால் வலக்கால் பெருவிரலில் வந்த புண் எளிதில் ஆறவில்லை. கட்டு மாற்றுவதற்காக, செட்டிநாட்டில் எங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள அரசு மருத்துவமனைக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் என மூன்று வாரம் அவரை அழைத்துச் சென்றேன். காரைக்குடியில் தனியார் மருத்துவமனைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும், ‘அந்த நர்ஸம்மாவுக்குப் பதமான கை’ என்று அப்பத்தா பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். அவர் சொன்னது சரிதான். சிகிச்சையைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. நான் எழுத வந்தது நிர்வாகத்தையும் குப்பையையும் பற்றி. இரண்டும் தனித்தனி விஷயங்கள் என்று எண்ணிக்கொண்டு போன நான், அவை ஒன்றுதான் என்று அங்கே போனபின் தெரிந்துகொண்டேன்.

காலை ஏழரை மணிக்குப் புறநோயாளிச் சீட்டுக் கொடுக்கத் தொடங்குவார்கள். சுற்றுப்பட்டுக் கிராமத்து மக்கள் முதல் பேருந்திலேயே வந்து ஆறரை மணிக்கெல்லாம் வரிசையில் நிற்கிறார்கள். புதிதாக வருபவர், மாதாந்தரச் சர்க்கரை மாத்திரைக்கு வருபவர், நாய்க்கடி ஊசிக்கு வருபவர், கட்டு மாற்ற வருபவர் என எல்லாருக்கும் முதல் வாரத்தில் ஒரே சன்னல்தான் இருந்தது. இரண்டு மணி நேரம் காத்திருப்பவருக்குப் பசிக்காதா? இட்லிப் பொட்டலம், தேநீர்க் கோப்பை, தண்ணீர்ப் புட்டி என்று தாழ்வாரம் முழுவதும் குப்பை சேர்ந்தது. அதைப் போடுவதற்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, கட்டுப் போடும் அறை வாசலில் வைத்திருந்த மஞ்சள் தொட்டி ஒன்றுதான்.

மூன்றாவது முறை சென்றபோது அந்தத் தொட்டியின் மூடியைத் திறந்து பார்த்தேன். இரத்தக் கறை படிந்த பஞ்சுக்கும் கட்டுத்துணிக்கும் மேலே சாம்பார் ஊறிய வாழையிலை ஒன்றும், பாதி தின்ற இட்லியும் கிடந்தன. பையைக் கட்ட வந்த தூய்மைப் பணியாளர் அக்கா, ‘இதுல கைய விட்டுப் பிரிக்கவும் முடியாது தம்பி, அப்படியே கட்டிக் குடுத்தா எடை ஏறுதுன்னு என்னையத்தான் கேக்குறாங்க’ என்றார். அவர் கையில் இருந்தது வீட்டில் பாத்திரம் தேய்க்கப் பயன்படும் மெல்லிய கையுறை.

அந்த இலை அங்கே விழுந்ததால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். உயிர்மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், 2016-இன்படி மஞ்சள் பையில் சேர்வது எரிக்கப்பட வேண்டிய கழிவு. இரத்தம் பட்ட பஞ்சு, மாவுக்கட்டு, காலாவதியான மருந்து போன்றவை அதில் சேரும். குளுக்கோஸ் ஏற்றும் குழாய், சிறுநீர்ப் பை, ஊசி நீக்கிய சிரிஞ்சு ஆகியவை சிவப்புப் பைக்கு உரியவை. அவற்றை நீராவி அழுத்தத்தில் கிருமிநீக்கம் செய்து, துண்டாக்கி, மறுசுழற்சிக்கு அனுப்புவார்கள். ஊசி, பிளேடு போன்ற கூரானவை துளைக்க முடியாத வெள்ளைக் கலனுக்கும், கண்ணாடி மருந்துக் குப்பிகள் நீலப் பெட்டிக்கும் போகும். இலையும் இட்லியும் உள்ளாட்சியின் சாதாரணக் குப்பை. ஆனால் அவை இரத்தப் பஞ்சோடு சேர்ந்த நொடியிலேயே தொற்றுக் கழிவாகிவிடுகின்றன. பிறகு அவற்றையும் எரிக்கத்தான் வேண்டும். இது மாறி நடந்தால் தீங்கு இன்னும் பெரிது: பி.வி.சி. நெகிழியாலான குளுக்கோஸ் குழாய் தவறி மஞ்சள் பைக்குள் போய் எரிந்தால், டையாக்சின் என்னும் நச்சு காற்றில் கலக்க வழியாகும்.

இரண்டாம் வாரம் ஏதோ ஆய்வு வருகிறது என்று பேசிக்கொண்டார்கள். வந்ததா என்று தெரியாது, மாற்றம் வந்தது. மஞ்சள் தொட்டி கட்டுப் போடும் அறைக்குள் போனது. தாழ்வாரத்துத் தூண்களின் அடியில் சாதாரணக் குப்பைக்குப் பச்சையும் நீலமுமாகத் தொட்டிகள் வந்தன. (தெருவில் நீலம் என்றால் உலர்குப்பை, மருத்துவமனைக்குள் நீலம் என்றால் கண்ணாடி, இந்தக் குழப்பத்தை யார் தீர்ப்பார்களோ!) இதைவிட முக்கியமாக, மாதாந்தர மாத்திரைக்கும் கட்டு மாற்றுவதற்கும் தனிச் சன்னல் திறந்தார்கள். கைப்பேசியில் கியூஆர் குறியீட்டைப் படம்பிடித்து டோக்கன் பெறும் வசதியும் சுவரில் ஒட்டப்பட்டது. கைப்பேசி இல்லாத ஆச்சிமாருக்கு அதனால் பயனில்லை என்றாலும், இளையவர்கள் அந்தப் பக்கம் நகர்ந்ததால் சன்னலில் நெரிசல் குறைந்தது. எங்கள் காத்திருப்பு இரண்டு மணி நேரத்திலிருந்து முக்கால் மணியாகச் சுருங்கியது. தாழ்வாரத்துக் குப்பை கண்ணெதிரே குறைந்ததற்குத் தொட்டிகளைவிட அந்தச் சன்னலே காரணம் என்பேன்.

கட்டுப் போடும் அறைக்குள் முதல் நாளிலிருந்தே ஒழுங்குதான். செவிலியர் ஊசி போட்ட கையோடு மேசையிலிருந்த ஊசிவெட்டியில் ஊசிமுனையைத் துண்டித்து, சிரிஞ்சைச் சிவப்புப் பையில் போடுவார். ஊசியின் மூடியைத் திரும்ப மாட்டியதை நான் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. ‘கால அசைக்காம வைங்க ஆச்சி’ என்று சொல்லிக்கொண்டே, கழற்றிய பழைய கட்டைத் தரையில் படவிடாமல் நேரே மஞ்சள் பைக்குள் இறக்குவார்.

கழிவுப் பைகளைச் சேர்த்து வைக்கும் அறை இருக்கிற பின்கட்டுக்குப் போனால்தான் மனம் சலிக்கிறது. கழிவுப் பைகளை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பது விதி. பல மருத்துவமனைகளின் கழிவையும் எடுத்துச் செல்லும் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் வண்டி விடுமுறை நாளில் வராததால், மூன்றாம் நாளும் பைகள் அங்கேயே கிடந்ததைப் பார்த்தேன். அறைக்குப் பூட்டு இருந்தது, பூட்டவில்லை. வாசலில் நாய் படுத்திருந்தது. எடைப் பதிவேடு ஆணியில் தொங்கியது. அதில் முந்தைய மூன்று நாளுக்கும் வரி காலியாக இருந்தது. ஓரணா பிசகினால் விடிய விடியப் பேரேட்டைப் புரட்டி ஐந்தொகைக் கணக்கைச் சரிபார்த்தவர்களின் ஊர்க்காரனான எனக்கு, அந்தக் காலி வரிகளைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. பைகளில் பட்டைக்குறியீடு ஒட்ட வேண்டும் என்றும் விதி இருக்கிறது. சிலவற்றில் இருந்தது, பலவற்றில் இல்லை. கழிவை எடுப்போருக்கு மஞ்சட்காமாலை பி (ஹெபடைடிஸ் பி), டெட்டனஸ் தடுப்பூசிகள் போட வேண்டும் என்பதும் விதிதான். போட்டார்களா என்று அந்த அக்காவிடம் கேட்டேன். ‘ஒண்ணு போட்டாங்க, அடுத்தது எப்பன்னு சொல்லல’ என்றார். புதிய தொட்டி வாங்குவதற்கு முன்னால் அவருக்குத் தடித்த கையுறையும் அடுத்த தவணை ஊசியும் கொடுத்திருக்க வேண்டும்.

மருந்தகத்தில் ஒருமுறை மட்டும் முப்பது நாளுக்குப் பதில் பதினைந்து நாள் மாத்திரை கொடுத்து மறுபடி வரச் சொன்னார்கள். இருப்புக் குறைவு என்பது காரணமாக இருக்கலாம். ஆனால் அந்த நோயாளி பதினைந்து நாள் கழித்து மீண்டும் வரிசையில் நிற்பார், மீண்டும் இட்லிப் பொட்டலம் வாங்குவார்.

புண் ஆறிவிட்டது. சிகிச்சைக்கு ஐந்துக்கு ஐந்தும், சீட்டுச் சன்னலுக்கு நான்கும், பின்கட்டுக்கு இரண்டும் தருவேன். மாத்திரைக்கு மட்டும் போகிறவர்கள் ஒன்பதரை மணிக்குமேல் போனால் கூட்டம் இராது. வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு, தண்ணீரைத் தூக்குச் சட்டியில் எடுத்துச் செல்லுங்கள். மாத்திரை வாங்கத் துணிப்பை ஒன்றும் வேண்டும், அங்கே காகித உறை தருவதில்லை.