போனில் மனசை அளந்த நான்கு படிவங்கள்

2021 ஏப்ரல், மே இரண்டு மாதமும் வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு மொட்டைமாடி ரூமில் உட்கார்ந்து போனில் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தேன். கொரோனாவைப் பற்றி மக்கள் என்ன நம்புகிறார்கள், மனசு எப்படி இருக்கிறது என்று அளக்கும் வேலை. கொடுத்தவர்கள் யார் என்பது இங்கே வேண்டாம், கையில் இருந்த நான்கு படிவங்கள் எப்படி என்பதற்கு மட்டும் மார்க் போடுகிறேன். முழுசாக முடித்த போனுக்கு 40 ரூபாய், பாதியில் கட் ஆனால் ஒன்றும் கிடையாது. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்றும் என் பங்கு. 2019-ல் பிரித்துவிட்டார்கள், என் வாயில் இன்னும் வட ஆற்காடுதான்.

முதலில் பிஹெச்க்யூ-9. மனச்சோர்வை அளக்க 2001-ல் வந்தது. 9 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. பத்தைத் தொட்டால் கவனிக்க வேண்டிய ஆள். எல்லாமே கடந்த 2 வாரத்தைப் பற்றித்தான். லாக்டவுனில் கிழமையே மறந்து போனவர்களிடம் இதை எப்படிக் கேட்பது? குடியாத்தத்தில் லுங்கி நெய்கிற அம்மா ஒருவர், “நீ எந்த ரெண்டு வாரத்தைக் கேக்கறே கண்ணு? எல்லா நாளும் ஒரே மாதிரிதானே கீது” என்றார். அதற்கப்புறம் “போன அமாவாசையிலிருந்து”, “பௌர்ணமியிலிருந்து” என்று கேட்க ஆரம்பித்தேன். பேரணாம்பட்டுப் பக்கம் முஸ்லிம் வீடு என்றால் “போன வெள்ளிக்கு முந்தின வெள்ளியிலிருந்து”. தாளில் இருப்பதை மட்டும் படி, சொந்தச் சரக்கு சேர்க்காதே என்பது உத்தரவு. ஆளுக்கு ஆள் கேள்வி மாறினால் மார்க்கை ஒப்பிட முடியாது. நியாயம்தான். ஆனாலும் மாற்றினேன்.

பசிக் கேள்வி இன்னொரு கூத்து. பசியே இல்லையா அல்லது அளவுக்கு மீறிச் சாப்பிடுகிறீர்களா, இரண்டும் ஒரே கேள்வியில். நடுவில் நோன்பு மாதம் வேறு. “பகல்ல மொதல்ல சொன்னது, இஃப்தாருக்கு அப்புறம் ரெண்டாவது சொன்னது” என்று ஆம்பூர்க்காரர் ஒருவர் சிரித்தார். பூஜ்யம் போட்டேன்.

ஒன்பதாவது கேள்வி செத்துவிடலாம் என்ற நினைப்பு வருகிறதா என்பது. நம் வீடுகளில் பால் பொங்கி வழிந்தாலே “நான் செத்தா தேவலை” என்பவர்கள் உண்டு, அதனால் சும்மா கடந்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். ஒரு நாள் ஆற்காட்டிலிருந்து ஒரு அண்ணன், சிரிக்காமல், நிதானமாக, “தினமும்” என்றார். என் தாளில் அடுத்த வரி: ‘நன்றி. அடுத்த பகுதிக்குச் செல்லவும்.’ நான் செல்லவில்லை. வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டு, அவர் தங்கச்சி லைனுக்கு வரும்வரை பேசி, தங்கச்சியிடம் 104 என்ற அரசு ஹெல்ப்லைன் நம்பரைக் கொடுத்தேன். அரை மணி நேரம் ஆனது. படிவம் பாதியில் நின்றதால் 40 ரூபாய் வரவில்லை. இப்போது 14416 இருக்கிறது, 2022 அக்டோபரில் வந்த டெலி மானஸ் என்ற அரசு மனநல ஹெல்ப்லைன். இந்தப் படிவத்தை எடுக்கிறவர்கள் அந்த நம்பரை ஒன்பதாவது கேள்விக்குக் கீழேயே அச்சடித்துவிட வேண்டும். அப்படிச் செய்தால் இந்தப் படிவத்துக்கு 5-க்கு 4 கொடுப்பேன், இல்லையென்றால் 2.

கொரோனா பய அளவுகோல் 2020-ல் ஈரானில் 717 பேரிடம் சோதித்துக் கொண்டுவந்தது, 7 கேள்வி. அதில் ஒன்று, கொரோனாவை நினைத்தால் கை வியர்க்கிறதா. வேலூரில், கத்திரி வெயிலில்! “நினைக்காட்டியும் வேர்க்குது” என்று எத்தனை பேர் சொன்னார்கள் என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன்.

நம்பிக்கைகளைப் பற்றிய பகுதி எனக்குப் பிடித்தது. 1950-களில் அமெரிக்காவில் காசநோய்க்கு இலவசமாக எக்ஸ்ரே எடுக்கிறோம் என்றாலும் ஜனங்கள் வரவில்லை, ஏன் என்று யோசித்ததில் பிறந்த ‘ஹெல்த் பிலீஃப் மாடல்’ என்ற முறை. நோய் எனக்கு வருமா, வந்தால் எவ்வளவு மோசம், தடுத்துக்கொள்வதில் என்ன லாபம், என்ன தடை. எங்கள் தாளில் தடைக்குக் கொடுத்திருந்தவை: ஊசி பயம், பக்கவிளைவு, தூரம். ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்பவர் மூன்றையும் கேட்டுவிட்டு, “ஊசி போட்டா ரெண்டு நாள் காய்ச்சலாம். ரெண்டு நாள் கூலி யாரு குடுப்பா?” என்றார். கூலிக்குக் கட்டமே இல்லை. ‘மற்றவை’யில் எழுதினேன். ‘மற்றவை’தான் என் தாள்களிலேயே நிறைய எழுத்து உள்ள இடம்.

ஏப்ரல் 17 நடிகர் விவேக் காலமானார், தடுப்பூசி போட்ட இரண்டாம் நாள். அது ஊசியால் இல்லை என்று ஆய்வுக் குழு பின்னால் சொன்னது. ஆனால் அந்த வாரம் போனை எடுத்தவர்கள் எல்லோரும் அதையே பேசினார்கள், முந்தின வாரம் “போட்டுக்கறேன்” என்றவர்கள் உட்பட. அதனால் இந்தப் பகுதியை ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டு ‘வேலூர் இப்படி நம்புகிறது’ என்று யாரும் எழுத வேண்டாம். கபசுரக் குடிநீர் குடிக்கிறேன் என்றால் ‘தவறான நம்பிக்கை’ கட்டத்தில் டிக் செய்யச் சொன்னதும் எனக்கு ஒப்பவில்லை. அதையும் குடித்து ஊசியும் போட்டுக்கொண்டவர்கள்தான் எங்கள் தெருவில் பாதிப் பேர்.

கடைசியாக டபிள்யூஹெச்ஓ-5, மனசு எவ்வளவு நல்லா இருக்கிறது என்று அளக்கும் உலக சுகாதார நிறுவனப் படிவம். ஐந்தே கேள்வி: சந்தோஷமாக, அமைதியாக, சுறுசுறுப்பாக இருந்தீர்களா, காலையில் தெளிவாக எழுந்தீர்களா, அன்றாடத்தில் பிடித்த விஷயம் இருந்ததா. 25-க்கு வரும் மார்க்கை நாலால் பெருக்கினால் 100-க்கு. ஐம்பதுக்குக் கீழே போனால் மேற்கொண்டு விசாரிக்க வேண்டும். சோகத்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. ஸ்பீக்கரில் மாமியார் கேட்டுக்கொண்டிருந்தாலும் மருமகள் பதில் சொல்லலாம். பிஹெச்க்யூவுக்கு வரிசையாக ‘இல்லை, இல்லை’ என்ற பெண்கள், தெளிவாக எழுந்தீர்களா என்றதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அது எங்கே” என்றார்கள். 5-க்கு 5.

மே கடைசியில் எனக்கே போட்டுப் பார்த்தேன். 7 வந்தது, நாலால் பெருக்கினால் 28. அன்றைக்கு இன்னும் மூன்று போன் பாக்கி இருந்தது, போட்டு முடித்தேன்.